எந்தத் தந்திக்காகப் பிறந்த கிற்றார்?

கொழும்பை ஒட்டிய கொலன்னாவை தாழ்நிலம். வடக்கே களனி ஆறு. ஊருக்குள்ளும் சுற்றிலும் சதுப்பு. மேற்கே சில கிலோமீற்றர் தள்ளிக் கடல். கொழும்பின் ஆண்டு மழைவீழ்ச்சி 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும். காற்றின் சாரீரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடையில் நிற்கும். மழைக்கால இரவுகளில் அதற்கும் மேலே போகும். இந்தக் காற்றில் மரத்தால் செய்த ஓர் இசைக்கருவி ஐம்பது அறுபது ஆண்டு பிழைத்துக் கிடப்பது சாதாரண விஷயமல்ல. அதிலும் கிற்றாரின் மேற்பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசியிலை மரம்தான். அந்த மெல்லிய பலகையை ஆறு உருக்குக் கம்பிகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஈடான விசையோடு இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

ஆனாலும் கொழும்பில் பழைய கிற்றார்களுக்குக் குறைவில்லை. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் அலுமாரிக்கு மேலே கிடக்கும். வெள்ளவத்தையில் கடலோரத்து ஒழுங்கைகளில் கம்பி துருவேறிச் சுவரில் தொங்கும். கொலன்னாவையில் வெள்ளம் வந்துபோன வீடுகளில் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்திருக்கும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தத் தீவில் நரம்புக்கருவியும் ஆட்டப்பாட்டும் இணைந்தே வந்திருக்கின்றன. பைலா அந்த மரபின் பிள்ளை. 1960களில் கிளரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்களப் பாட்டை மாற்றியது. அதே காலத்தையொட்டி நித்தி கனகரத்தினமும் பின்னர் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாடல்களை வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். கிற்றார் வேண்டும் என்ற ஆசை எல்லா மொழிப் பிள்ளைகளுக்கும் வந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்ததால் அந்த ஆசைக்குக் கையில் கிடைத்ததெல்லாம் கிற்றார்தான்: பாட்டனார் விட்டுப்போன ஜேர்மன் பெட்டி, கப்பலில் போனவர் கொண்டுவந்த ஜப்பான் கருவி, தளபாடத் தச்சர் பார்த்துச் செய்துகொடுத்த ஒன்று. இன்றைக்குத் திருத்த வருகிறவை பெரும்பாலும் இவைதான். பெயர் தெரியாதவை, ஏதோ ஒரு வகையில் வழக்கத்துக்கு மாறானவை, முன்னொருவர் கைவைத்து இன்னும் விசித்திரமானவை.

இப்படியொரு கருவி மடியில் வந்தவுடன் எல்லோரும் கேட்பது, யார் செய்தது, எவ்வளவு பெறும் என்பதைத்தான். திருத்துகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது எந்தத் தந்திக்காகச் செய்யப்பட்டது?

குடல்தந்தியும், 1940களின் பிற்பகுதியில் அதன் இடத்தைப் பிடித்த நைலோன் தந்தியும் சுருதி சேர்த்த நிலையில் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுக்கும். 12 என்ற தடிப்பளவில் தொடங்கும் உருக்குக் கம்பித் தொகுதி 73 கிலோ இழுக்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கம்பிகள் பலகைக்கு மேலே 12 மில்லிமீற்றர் உயரத்தில் குதிரை என்ற தாங்குகட்டையைக் கடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 73 கிலோ விசை குதிரையை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் 8.6 நியூட்டன் மீற்றர். பத்து சென்ரிமீற்றர் நீளமான ஒரு கோலைக் குதிரையில் ஒட்டி அதன் நுனியில் ஒன்பது கிலோ அரிசியைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருப்பம் வருமோ அவ்வளவு. குதிரைக்குப் பின்னால் பலகை வீங்கி எழுவதும், முன்னால், ஒலித்துளைப் பக்கம், குழிந்து போவதும் இதனால்தான். எல்லாப் பழைய கிற்றாரும் கொஞ்சம் இப்படி வளைந்திருக்கும், வளைவே நோயல்ல. மரம் நீண்டகாலச் சுமையின்கீழ் மெல்ல மெல்ல உருமாறும் இயல்புள்ளது. அதிலும் ஈரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும் இடத்தில் இந்த நகர்வு வேகமெடுக்கும். கொழும்பு அப்படிப்பட்ட இடம்.

எந்தத் தந்தி என்பதற்கு விடை தலைப்பகுதியில் இல்லை. வெட்டுத் துளையுள்ள தலையைப் பார்த்தவுடன் நைலோன் என்று முடிவு கட்டுகிறார்கள். அப்படித் தலைவைத்த உருக்குக் கம்பிக் கிற்றார்கள் ஏராளம். விடை பெட்டிக்குள்ளே இருக்கிறது. பல் வைத்தியர் பயன்படுத்துவது போன்ற ஒரு சிறு கண்ணாடியும் சின்னதொரு விளக்கும் போதும். ஒலித்துளைக்குள் விட்டு மேற்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தாங்குசட்டங்கள் ஒலித்துளைப் பக்கத்திலிருந்து விசிறிபோல் விரிந்தால் அது குடல்தந்திக்கும் நைலோனுக்கும் உரிய ஸ்பானிய முறை. இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றால், 1840களில் அமெரிக்காவில் மார்ட்டின் பட்டறையில் உருப்பெற்று இன்று உலகெங்கும் உருக்குக் கம்பிக்குப் பயன்படும் முறை. விறாந்தை ஏணியின் படிகள்போல் மூன்று நான்கு சட்டங்கள் குறுக்கே மட்டும் கிடந்தால் அங்கேதான் யோசிக்க வேண்டும். ஏணிமுறைச் சட்டம் போட்ட பெட்டி குடல்தந்திக்கும் செய்யப்பட்டது, உருக்குக்கும் செய்யப்பட்டது. உருக்குக்கு என்றால் பெரும்பாலும் கம்பிகள் குதிரையில் முடியாமல் பெட்டியின் அடிவிளிம்பில் திருகிய டெயில்பீஸ் என்ற உலோகப் பிடியில் போய் முடியும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு சின்னக் கிற்றாரை வைத்து இதை விரித்துச் சொல்லலாம். லேபிள் இல்லை. பெட்டியின் அகலம் 33 சென்ரிமீற்றர். கழுத்து பன்னிரண்டாவது பிரெட்டில் பெட்டியோடு சேர்கிறது. மேற்பலகை ஒலித்துளைக்குக் கீழே குழிந்து, அதற்கப்பால் வயிறுபோல் எழுந்து, கம்பிகள் விரலால் அழுத்த முடியாத உயரத்தில் நின்றன. கனத்த குதிரையொன்று பசையால் ஒட்டப்பட்டிருந்தது. முன்பு எப்போதோ கழன்றதை யாரோ இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்தத் திருகாணிகளின் தலையில் நட்சத்திரப் பள்ளம். பிலிப்ஸ் தலைத் திருகாணி 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. இதே கருவியின் சுருதி சேர்க்கும் கீகளைப் பிடித்திருந்த திருகாணிகள் எல்லாமே ஒற்றைக் கோட்டுப் பள்ளம் உள்ளவை. ஆக, குதிரை பின்னாளில் வந்தது என்று ஐயப்பட இடமிருந்தது.

பெட்டியின் அடிவிளிம்பில் கறுப்பு மெழுகால் அடைத்த மூன்று சிறு துளைகள் தெரிந்தன. சாய்வான வெளிச்சத்தில் மேற்பலகையைப் பார்த்தபோது பொலிஷில் பழைய குதிரையொன்றின் இரண்டு பாதங்களின் தடம் இருந்தது. இனி ஐயமில்லை. இந்தக் கருவிக்கு டெயில்பீஸும், ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் குதிரையும் இருந்தன. டெயில்பீஸ் துருப்பிடித்து உடைந்தபோது, கடையில் கிடைத்த சாதாரணக் குதிரையை ஒட்டிக் கம்பியை அதில் மாட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு மாற்றம் கருவியின் பொறியியலையே தலைகீழாக்கியது. டெயில்பீஸ் இருந்தபோது முழு இழுவையும் அடிக்கட்டைக்குப் போனது. மேற்பலகைக்கு வந்தது கீழ்நோக்கிய அழுத்தம் மட்டும். 60 கிலோ இழுக்கும் மெல்லிய கம்பிகள் குதிரையின்மேல் 12 பாகை மடிந்தால் அந்த அழுத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோதான். குறுக்குச் சட்டங்கள் அதற்கென்றே வைக்கப்பட்டவை. ஒட்டிய குதிரையின் கவிழ்க்கும் திருப்பத்தைத் தாங்க, குறுக்கே மட்டும் போகும் சட்டங்களால் முடியாது. நெடுக்கே தாங்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

முதுகுப்பலகை கருஞ்சிவப்பு ரோஸ்வுட் போலிருந்தது. உள்ளே கண்ணாடியை விட்டுப் பார்த்தால் வெளிறிய, கோடே தெரியாத மரம். வெளியே தெரிந்த ஆரம் (மரத்தின் இழைக்கோடு) முழுவதும் தூரிகையால் வரைந்தது. இது மோசடி அல்ல. ஜேர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் நகரிலும், எல்லைக்கு அப்பால் பொஹீமியாவின் ஷொன்பாக் ஊரிலும் குறைந்த விலைக் கருவிகளுக்குச் சாதாரணமாகச் செய்த வேலை. அந்த இரண்டு ஊர்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக்கே வயலினும் கிற்றாரும் அனுப்பின. வேலை பெரிய தொழிற்சாலைக்குள் நடக்கவில்லை. ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் பெட்டி, வேறொரு வீட்டில் மெருகு என்று பிரிந்து நடந்தது. வணிகர் வாங்கித் தன் பெயரிலோ பெயரில்லாமலோ ஏற்றுமதி செய்தார். எனவே இத்தகைய கிற்றாரைச் செய்தவர் யார் என்று தேடுவதில் பொருளில்லை. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்து மார்க்நொய்கிர்ஷன், ஷொன்பாக் வட்டாரத்துப் பெட்டி என்று சொல்வதுதான் நேர்மையான அடையாளம். அதற்கு மேல் துல்லியம் சொல்கிறவர் பெரும்பாலும் விற்க நினைக்கிறவராக இருப்பார்.

இந்த வட்டாரத்தின் கதையை அறிந்தால் பல விசித்திரங்கள் விளங்கும். மார்ட்டின் நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ்டியான் பிரெடெரிக் மார்ட்டின் 1796இல் மார்க்நொய்கிர்ஷனில் பிறந்தவர்; வியன்னாவில் யொஹான் ஸ்டௌஃபரிடம் வேலை பழகி 1833இல் அமெரிக்கா போனவர். ஸ்டௌஃபர் கழுத்தைப் பெட்டியோடு ஒட்டவில்லை. பின்பக்கத்திலிருந்து சாவி போட்டுத் திருகினால் கழுத்தின் சாய்வு மாறும்படி அமைத்தார். விரற்பலகை மேற்பலகையைத் தொடாமல் மிதக்கும். இன்று ஒரு பழைய ஐரோப்பியக் கிற்றாரின் கழுத்தடியில் சாவித்துளையைக் கண்டால் யாரோ துளைத்த காயம் என்று அடைத்துவிடக்கூடாது. 1945க்குப் பிறகு ஷொன்பாக்கின் ஜேர்மன் மொழிக் கைவினைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் பவேரியாவின் பூபன்ரொய்த் கிராமத்தில் குடியேறினார்கள். 1887இல் ஷொன்பாக்கில் தொடங்கிய ஹொஃப்னர் அங்கேதான் வந்து சேர்ந்தது. 1946இல் பிரெட் வில்ஃபர் தொடங்கிய ஃபிராமுஸ் அந்தக் கைவினைஞர்களை வைத்தே வளர்ந்தது. பழைய ஊர் லூபி என்று பெயர் மாறிச் செக்கோஸ்லொவாக்கியக் கருவிகளைச் செய்தது. மார்க்நொய்கிர்ஷன் கிழக்கு ஜேர்மனிக்குள் போய் முசிமா என்ற பெயரில் ஏற்றுமதி செய்தது. மூன்று நாட்டு முத்திரையில் வரும் கிற்றார்கள் சகோதரர்போல் இருப்பதற்குக் காரணம் இந்த இடப்பெயர்வு. இடம்பெயர்ந்தவர்கள் கையோடு கொண்டுபோகக்கூடியது தொழில்தான் என்பதை நமது வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் பெயரே ஒரு காலக்கணிப்பு. செக்கோஸ்லொவாக்கியா என்றிருந்தால் 1918க்கும் 1992க்கும் இடையில். மேற்கு ஜேர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்ற முத்திரை 1952க்குப் பின் வராது. கொழும்புக் கடையின் ஒட்டுத்தாளில் இலங்கையின் ஆங்கிலப் பெயர் சிலோன் என்றிருந்தால் அது 1972 மே 22க்கு முன் அச்சடித்த தாள். கடைக்காரர் பழைய தாளைத் தீரும்வரை ஒட்டியிருப்பார் என்பதால் இரண்டு மூன்று வருடம் தளர்த்திக்கொள்ளலாம். ஃபிராமுஸின் பல கருவிகளில் தொடரெண்ணுக்குக் கீழே ஆண்டின் இரண்டு இலக்கங்களும் மாதத்தைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். சிக்காகோவின் ஹார்மனி நிறுவனம் 1975இல் மூடப்படும் வரை முதுகுப்பலகையின் உட்புறத்தில் மை முத்திரையிட்டது; அதில் ஓர் எழுத்தும் ஆண்டும் தெரிந்தால் வேலை முடிந்தது. கிப்சன் போன்ற பெரிய பெயர்களில்தான் தொல்லை அதிகம், 1960களில் ஒரே எண்ணை அவர்கள் பலமுறை பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மூக்கும் ஓர் ஆய்வுக்கருவி. விளிம்பில் ஓடும் வெள்ளை அல்லது ஆமையோட்டு நிறப் பட்டையைத் துணியால் விறுவிறென்று தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். கற்பூர மணம் வந்தால் அது செலுலொயிட். நைத்திரோசெலுலோசையும் கற்பூரத்தையும் கலந்து செய்த, முதன்முதலில் பரவலாகப் பயன்பட்ட செயற்கைப் பிளாஸ்டிக். வயதானால் அது சுருங்கும், உடையும், அமில ஆவி விடும்; அருகிலிருக்கும் கம்பியும் கீகளும் பச்சை பிடிப்பதற்கு அது காரணமாகலாம். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதன்மேல் வெப்பக்காற்றுக் கருவியைக் காட்டவே கூடாது. மெருகைக் கண்டறிய நாணயத்தாள் சோதிக்கும் ஊதாக்கதிர் விளக்கு உதவும். இருட்டில் பழைய அரக்குப் பொலிஷ் செம்மஞ்சளாக ஒளிரும். மூப்படைந்த நைத்திரோ லாக்கர் மஞ்சட்பச்சையாகத் தெரியும். நடுவில் மட்டும் நிறம் மாறினால் அங்கே யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள். அரக்குப் பொலிஷ் மதுசாரத்தில் கரையும். சுத்தம் செய்கிறேன் என்று கை கழுவும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்பது வருட மெருகை ஒரு நிமிடத்தில் அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஈரம். மரம் காற்றோடு எப்போதும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. 80 சதவீதச் சாரீரப்பதனில் அது தன் உலர்நிறையில் ஏறத்தாழ 16 சதவீதம் நீரை வைத்திருக்கும்; 50 சதவீதத்தில் ஒன்பதரை; குளிர்கால ஐரோப்பாவின் சூடாக்கிய அறையில் ஆறு. நீர் ஏறினால் மரம் அகலத்தில் வீங்கும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகை ஆரத்துக்குக் குறுக்கே ஒவ்வொரு சதவீத நீருக்கும் தன் அகலத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு மாறும். 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள மேற்பலகையை கொலன்னாவை வீட்டிலிருந்து குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால் ஆறு சதவீத நீர் போகும், பலகை மூன்றரை மில்லிமீற்றர் சுருங்க வேண்டும். ரொறன்ரோவுக்குக் கொண்டுபோனால், ஸ்காபரோ வீட்டின் ஜனவரி மாதச் சூட்டில், ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் சுருங்க வேண்டும். ஆனால் உள்ளே குறுக்காக ஒட்டிய தாங்குசட்டங்களின் நீளம் மாறாது. அவை விடாது பிடித்துக்கொள்ளும். சுருங்க விடாத பலகைக்கு வெடிப்பதைத் தவிர வழியில்லை. ஊரிலிருந்து அப்பாவின் கிற்றாரை எடுத்துப்போன பிள்ளைகள் பலர் முதல் பனிக்காலத்திலேயே துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

கொழும்பில் இருக்கும்வரை எதிர்ப்பக்கத் தொல்லை. உலர்ந்த நாட்டில் செய்த பெட்டி இங்கே வீங்குகிறது. விரிய இடமில்லாத பலகை மேல்நோக்கி வளைகிறது, கம்பி உயர்கிறது, மழைக்காலத்தில் வாசிக்க விரல் நோகிறது. உடனே குதிரையின்மேல் உள்ள எலும்பை அரத்தால் தேய்த்துக் குறைத்துவிடுகிறார்கள். மாசியில் காற்று உலர்ந்ததும் கம்பி பிரெட்டில் இடித்துக் கறகறக்கிறது. கம்பியின் உயரத்தை ஒரு பருவத்தில் மட்டும் அளந்து முடிவெடுக்கக்கூடாது.

ஈரமானியை நம்புவதற்கு முன் அதையும் சோதிக்க வேண்டும். ஒரு போத்தல் மூடியில் கறியுப்பை எடுத்துச் சில துளி நீர் விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வைத்தால் உள்ளே 75 சதவீதம்தான் இருக்கும். நிறைகரைசலான உப்பு எந்த ஊரிலும் அந்த எண்ணையே தரும். மானி 81 காட்டினால் ஆறைக் கழித்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து திருத்தும் வேலைக்கு ஒரு விதி பிறக்கிறது. வீங்கிய நிலையில் எதையும் ஒட்டாதீர்கள். தளர்ந்த சட்டத்தை ஐப்பசி மழையில் ஒட்டினால், பலகை தன் அதிகபட்ச அகலத்தில் பூட்டப்படுகிறது. பிறகு எந்த உலர்ந்த காற்றுக்கும் அது வெடிக்கத் தயார். கருவியைக் கம்பி தளர்த்திக் குளிரூட்டிய அறையிலோ, சிலிக்கா ஜெல் போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டியிலோ 50, 55 சதவீதத்தில் இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டும். வெடிப்புகள் தம் முழு அகலத்தையும் அப்போதுதான் காட்டும். அந்த நிலையில் ஒட்டி, உள்ளே குறுக்கு ஆரமாகச் சிறு ஸ்ப்ரூஸ் தட்டுகளை வைத்தால் எந்தப் பருவத்துக்கும் நிற்கும்.

எதைக் கொண்டு ஒட்டுவது? பழைய கருவிகளில் இருப்பது தச்சர்கள் வச்சிரம் என்று சொல்கிற, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நீரில் ஊறவைத்து 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், காய்ந்தால் கண்ணாடிபோல் கெட்டியாகும். ஐரோப்பியப் பட்டறைகளில் இதன் பெரிய குறை, ஒட்டும் முன்பே உறைந்துவிடுவது. துண்டுகளை முதலில் சூடாக்கி ஓடி ஓடி வேலை செய்வார்கள். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் அந்த அவசரம் குறைவு. காய்வதற்கு மட்டும் நாட்கள் கூடுதலாக வேண்டும், ஈரம் நிலைத்தால் பூஞ்சணம் வரும். இதன் பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது: சூடும் நீரும் காட்டினால் மறுபடி விடும், பழைய வச்சிரத்தின்மேலேயே புதியது பிடிக்கும். வெள்ளைப் பசை சூட்டிலும் தொடர் இழுவையிலும் மெல்ல வழுக்கும். எபொக்சி எளிதில் விடாது. இரண்டும் அடுத்தமுறை திருத்துகிறவரின் வேலையைக் கெடுக்கும்.

2016 மே மாதம் களனி பெருகிக் கொலன்னாவையை மூழ்கடித்தபோது இதன் பொருள் தெரிந்தது. வெள்ளத்தில் ஊறிய வச்சிரக் கருவிகள் துண்டுதுண்டாகக் கழன்றுவிடும், பார்த்தவர் வீசிவிடுவார். உண்மையில் அவற்றைத்தான் காப்பாற்றலாம். துண்டுகளை நல்ல நீரில் அலசி, நிழலில், இடையில் காற்றோட விட்டுப் பாரம் வைத்து மெதுவாக உலர்த்தினால் மீண்டும் பெட்டியாகச் சேர்க்க முடியும். ஒட்டுப்பலகையில் செய்த கருவி வெளியே முழுதாகத் தெரியும், ஆனால் உள்ளடுக்குகள் பிரிந்து பொருக்காகிவிடும். அதைச் சேர்ப்பது கடினம்.

இதனால் ஒட்டுப்பலகையை இகழ வேண்டியதில்லை. ஆரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை ஈரத்தால் அகலம் மாறுவது மிகக் குறைவு. தென்னாபிரிக்காவின் காலோ நிறுவனம் செய்த காலோடோன் சாம்பியன் கிற்றாரின் லேபிளிலேயே வெடிக்காது என்று உத்தரவாதம் இருந்தது. 1957 ஜூலை 6ஆம் நாள் லிவர்பூலில் போல் மக்கார்ட்னியை முதன்முதலில் சந்தித்த அன்று ஜோன் லெனன் கையில் இருந்தது அதுதான். 1966இல் வந்த யமஹா எஃப்ஜி 180இன் மேற்பலகையும் ஒட்டுப்பலகையே. கொழும்பில் அறுபதுகளின் கருவி ஒன்று வெடிப்பில்லாமல் கிடைத்தால் அது பெரும்பாலும் இந்த வகை. ஒலியில் தனிப்பலகைக்குக் குறைந்தது என்பார்கள். கடற்காற்றில் அரை நூற்றாண்டு சுருதி நிற்கும் பெட்டிக்கு அந்தக் குறையை நான் பெரிதாக எண்ணுவதில்லை.

கழுத்து சாய்ந்த கிற்றாரைத் திருத்துவது எல்லோரும் அஞ்சும் வேலை, ஆனால் கணக்கு எளிது. பிரெட்டுகளின்மேல் நேர்க்கோலை வைத்தால் அதன் நுனி குதிரையின் மேல்தளத்தைத் தொட வேண்டும். மூன்று மில்லிமீற்றர் கீழே நின்றால், அந்த மூன்றைக் கழுத்தடியின் உயரத்தால் பெருக்கி, பெட்டியும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து குதிரை எலும்பு வரையுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். கழுத்தடி 90, தூரம் 287 என்றால் விடை 0.94. கழுத்தடியின் கீழ்நுனியில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகச் சீவி, மேலே போகப் போக ஒன்றுமில்லாமல் முடித்தால் போதும். சீவுவதற்காகக் கழுத்தைக் கழற்றத்தான் நீராவி. புறாவால் மூட்டுள்ள கருவியில் மூட்டின் வெற்றிடத்துக்கு மேலுள்ள பிரெட்டை எடுத்து, அதன் பள்ளத்தில் சிறு துளையிட்டு, நீராவியைக் குழாய்வழி செலுத்தினால் வச்சிரம் இளகும். எல்லாக் கழுத்தும் இப்படிக் கழலாது. ஸ்பானிய முறையில் விலாப்பலகைகள் கழுத்தடிக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். அங்கே நீராவி விட்டால் கழுத்தோடு பெட்டியும் போகும். இத்தாலியின் எக்கோ ரேஞ்சரில் திருகாணியைக் கழற்றினால் கழுத்து கையில் வந்துவிடும், நீராவியே வேண்டாம். கேத்தலை அடுப்பில் ஏற்றுமுன் மூட்டு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கிற்றாரில் இன்னொரு வினோதமும் இருந்தது. தலைப்பக்கத்து நட்டிலிருந்து பன்னிரண்டாவது பிரெட் வரை அளந்து இரட்டித்தால் வந்த எண்ணும் குதிரைத் தடம் காட்டிய நீளமும் ஒத்துவரவில்லை. பழைய பட்டறைகளில் பிரெட் இடுவதற்கு எளிய விதியொன்று இருந்தது: மீதமுள்ள நீளத்தைப் பதினெட்டால் வகு, அங்கே அடுத்த பிரெட். கலிலியோவின் தந்தை வின்சென்ஸோ கலிலி 1581இல் எழுதிவைத்த விதி. சமசுருதிக்குச் சரியான எண் 17.817. 645 மில்லிமீற்றர் நீளத் தந்தியில் பதினெட்டால் வகுத்துப் போனால் பன்னிரண்டாவது பிரெட் நடுப்புள்ளிக்கு 2.3 மில்லிமீற்றர் முன்னாலேயே வந்துவிடும். சுரம் பன்னிரண்டு சென்ற் அளவு தாழும். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் கொஞ்சம் ஏறும் அல்லவா, இரண்டும் ஓரளவு ஈடாகும். அந்தப் பட்டறைக்காரர் பிழை விடவில்லை. நவீன அளவுகோலை வைத்துக் குதிரையை நகர்த்தினால்தான் சுருதி கெடும். இத்தகைய கருவியில் குதிரையின் இடத்தைக் காதாலும் சுருதிமானியாலும் தேட வேண்டும், மிதக்கும் குதிரை அதற்கு மிகவும் வசதியானது.

ஆகவே அதில் செய்த வேலை இது. உலர்த்தியபின் ஒட்டிய குதிரையைச் சூடும் ஈரமும் காட்டி எடுத்தோம். திருகாணித் துளைகளை ஸ்ப்ரூஸ் முளையால் அடைத்தோம். குழிந்த பலகையை வெதுவெதுப்பாக்கி மெல்ல நிமிர்த்தி, கழன்றிருந்த இரண்டு சட்டங்களையும் வச்சிரத்தால் மறுபடி ஒட்டினோம். பழைய மூன்று துளைகளிலேயே புது டெயில்பீஸ் உட்கார்ந்தது. குதிரைக்குக் கருங்காலி வேண்டியிருந்தது. ஒருகாலத்தில் இலங்கைக் கருங்காலி ஐரோப்பியப் பட்டறைகளுக்குக் கப்பலேறிப் போன சரக்கு. இன்று அந்த மரத்தை வெட்டத் தடை. உடைந்த பழைய தளபாடத்தின் கால் ஒன்றிலிருந்து துண்டு கிடைத்தது. முதுகில் வரைந்த ரோஸ்வுட் ஆரத்தைத் தொடவில்லை, தேய்ந்த இடங்கள் தேய்ந்தபடியே இருக்கின்றன. கம்பி 10 என்ற அளவிலிருந்து தொடங்கும் மெல்லிய தொகுதி. அதற்குமேல் தடித்ததைப் போட வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொன்னதோடு, பெட்டிக்குள் ஒரு தாளிலும் எழுதி ஒட்டியிருக்கிறது: கம்பியின் அளவு, ஒட்டிய பசை, ஒட்டியபோது காற்றின் ஈரம், குதிரை நிற்க வேண்டிய இடம் மில்லிமீற்றரில். அடுத்துக் கண்ணாடியை விட்டுப் பார்க்கிறவருக்கு அந்த நான்கும் தேவைப்படும்.